‘யாரக் கேட்டீங்க?’ அக்கா

எங்கள் ஊரில் என் குரலைக் கேட்டாலே பெண்கள் திட்டுவார்கள். முகத்தைப் பார்த்துத் திட்டியதில்லை. என் முகம் யாருடைய கவனத்தையும் அந்த அளவுக்கு இழுக்கக்கூடியது அல்ல. குரல்தான்.

எண்பதுகளின் நடுவில் நான் மைக்செட் வைத்திருந்தேன். கல்யாணம், கருமாதி, மாரியம்மன் பண்டிகை, மாதா தேர் எல்லாவற்றுக்கும் என் செட்தான். வேறு வேலை இல்லாத நாட்களில் டவுன் பஞ்சாயத்து அறிவிப்புகள். சைக்கிளின் முன்னால் கூம்பு ஸ்பீக்கர், பின்னால் கேரியரில் பேட்டரி, நடுவில் பேட்டரியைவிட எடை குறைந்த நான். “பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு” என்று ஆரம்பித்ததுமே, வருவது நல்ல சேதியாக இருக்காது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். தண்ணீர் வராது, வீட்டு வரி கட்டு, நாயைக் கட்டிப்போடு. பஞ்சாயத்து முடிவு செய்யும், ஊர் அதை என் வாயால் கேட்கும், வசவு மட்டும் நேராக என் வீட்டுக்கு வரும்.

அந்த அக்காவை நான் அறிந்ததும் அப்படித்தான். தெருக்குழாயில் விடியற்காலை வந்துகொண்டிருந்த தண்ணீர் இனி மதியம்தான் வரும் என்று சந்தைத் தெருவில் கூவிக்கொண்டு போனேன். ஒரு வாசலில் கருவாட்டுக் கூடையை உதறிக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்து பார்த்தாள்.

“யாரக் கேட்டீங்க?”

“என்னக்கா?”

“மத்தியானத்துக்கு மாத்திட்டீங்களே, யாரக் கேட்டீங்க? மத்தியானம் வூட்ல யாரு இருப்பா? நான் சந்தையில கெடப்பேன். எதுத்த வூட்டுக்காரி செங்கல் சூளையில கெடப்பா. கொடத்த வெச்சிட்டுப் போனா தண்ணி தானா ஏறி உக்காந்துக்குமா?”

“நான் சொல்றவன் மட்டுந்தாங்க்கா. முடிவு பண்றவங்க ஆபீஸ்ல இருக்காங்க.”

“அப்ப அங்க போயிக் கத்து. இங்க வந்து எதுக்குக் கத்தற?”

நல்ல யோசனைதான். ஆனால் எனக்குக் கூலி கொடுப்பவர்களும் அங்கேதான் இருந்தார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டேன்.

அக்காவுக்குச் சந்தை வாசலில் கருவாட்டுக் கடை. கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியம், இடுப்பில் சுருக்குப்பை, எப்போதும் எதையோ எண்ணெயில் போட்டு எடுத்தது போன்ற சூடான குரல். ஒகேனக்கல் போய்ப் பச்சை மீனைப் பொரித்துத் தின்றுவிட்டு வருகிறவர்கள்கூடத் திரும்பும்போது அவளிடம் நெத்திலிக் கருவாடு வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள். மாதா கோயிலில் அவள் உட்காரும் வரிசையில் மற்றவர்களுக்கு எப்போதும் தாராளமாக இடம் கிடைக்கும். அதைப் பற்றி அவளுக்குக் கவலையே கிடையாது. “ஆண்டவரே மீன்காரனுங்களத்தான் கூட வெச்சிருந்தாரு. இவங்களுக்கு மட்டும் மூக்கு பெருசாப் போச்சு” என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கேயும் அது நடந்தது. ஞாயிறு முதல் பூசையை ஒரு மணி நேரம் தள்ளி வைத்திருப்பதாகச் சாமியார் பிரசங்கத்தின் முடிவில் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது.

“யாரக் கேட்டீங்க சாமி?”

கோயிலுக்குள் பூசைக்கு நடுவே பதில் சொல்ல வேண்டிய நிலைமை அந்தச் சாமியாருக்கு அதற்கு முன் வந்திருக்காது. “ஏன்மா, உங்களுக்குச் சௌகரியப்படாதா?” என்றார்.

“களையெடுக்கப் போறவங்களுக்குச் சௌகரியப்படாதுங்க சாமி. தூங்கறவங்களுக்குச் சௌகரியப்படும். அவங்கதான் உங்களக் கேட்டிருப்பாங்க.”

மறுவாரம் பூசை பழைய நேரத்துக்கே வந்துவிட்டது. அந்தச் சாமியாரை இதற்காகவே நான் மதிக்கிறேன். தான் கேட்கவில்லை என்று தெரிந்ததும் கேட்டார். எங்கள் டவுன் பஞ்சாயத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சாகிற வரைக்கும் கற்றுக்கொள்ளாத வித்தை அது.

இது பஞ்சாயத்தோடும் கோயிலோடும் நிற்கிற கேள்வி அல்ல. அவள் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பட்சணம் வைத்தாயிற்று, பெண் வந்து போயிற்று, மாப்பிள்ளையின் அப்பா தட்டு மாற்றிக்கொள்ளலாமா என்கிறார். அக்கா நேராக மாப்பிள்ளையிடம் திரும்பி, “உன்ன யாராச்சும் கேட்டாங்களா கண்ணு?” என்றாள். அந்தப் பையன் முதலில் முழித்தான், பிறகு அழுதான். அவனுக்குச் சேலத்தில் வேறொரு பெண் இருந்தாள். வந்தவர்கள் வந்த வழியே போனார்கள். அவள் புருஷன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. “பேசாம இருக்கறதுன்னு முடிவு பண்ணிருக்காரு. என்னக் கேக்கல” என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

என்னையும் விடவில்லை. இரண்டாவதாக ஒரு கூம்பு ஸ்பீக்கர் வாங்கி, வைக்க இடமில்லாமல் சமையல்கட்டில் வைத்திருந்தேன். கருவாடு கொடுக்க வந்தவள் அதைப் பார்த்துவிட்டு என்னிடம், “ஏம்பா மைக்கு, பொண்டாட்டியக் கேட்டியா?” என்றாள். அடுப்படியிலிருந்து என் மனைவி அதைக் கேட்டுவிட்டாள். அதுவரை அவளுக்கே தோன்றாத கேள்வி. மறுநாள் ஸ்பீக்கர் கொல்லைப்புறத்தில் கிடந்தது. அதற்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும் வரைக்கும் நான் கிராக்கிகளிடம் ஒரு ஸ்பீக்கர் ரிப்பேர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. சிரிக்க முடியாத கதையும் ஒன்று உண்டு.

பல வருஷம் தேர்தலே இல்லாமல் ஓர் அதிகாரியே நடத்திவந்த பஞ்சாயத்துக்கு அப்போதுதான் தேர்தல் நடந்திருந்தது. நாமே ஓட்டுப் போட்ட சேர்மன், நாமே ஓட்டுப் போட்ட மெம்பர்கள். இனிமேல் நம்மைக் கேட்டுச் செய்வார்கள் என்று ஊர் நம்பியது. நானும் நம்பினேன், ஏனென்றால் அவர்கள் அத்தனை பேருக்கும் பிரசாரத்துக்கு மைக் கட்டியவன் நான். எதிரெதிர் வேட்பாளர்களுக்கு ஒரே நாளில் ஒரே குரலில் ஓட்டுக் கேட்டிருக்கிறேன். கொள்கை என்று பார்த்தால் என்னைவிடப் பேட்டரிக்குக் கொஞ்சம் அதிகம். அதாவது ஒரு பக்கம் பிளஸ், ஒரு பக்கம் மைனஸ் என்று தெளிவாக இருக்கும்.

புதிய சேர்மனுக்கு முதல் ஆசை ஊர் முகப்பில் ஒரு வரவேற்பு வளைவு. பெங்களூர் போகிற பஸ்ஸில் இருந்து பார்த்தால்கூடத் தெரிகிற மாதிரி. வளைவின் ஒரு தூண் நிற்க வேண்டிய இடத்தில், சந்தைக்குப் பின்னால் புளியமரங்களின் மறைவில், பெண்கள் கழிப்பிடம் இருந்தது. பழசு, ஓடு உடைந்தது, நாற்றம் பிடித்தது. ஆனால் இருந்தது. ஒரே நாளில் இடித்தார்கள். அதற்குப் பதில் பஸ் ஸ்டாண்டில் புதுசாகக் கட்டிக்கொடுத்தார்கள். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் ரத்தம் கொதிக்கிறது. வரிசையாக இருக்கும் டீக்கடைகளுக்கு நேர் எதிரே, கதவுகள் டீக்கடைகளைப் பார்த்தபடி கட்டினார்கள். ஏன் அப்படி என்றால், கதவுகளுக்கு மேலே சேர்மன் பெயர் போட்ட கல்வெட்டு. கதவைப் பின்பக்கம் வைத்தால் கல்வெட்டும் பின்பக்கம் போய்விடும். அப்புறம் அதை யார் படிப்பது?

டீக்கடை பெஞ்சில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆண்கள். லாரி டிரைவர்கள், புரோக்கர்கள், வேலை இல்லாதவர்கள், வேலை இருந்தும் போகாதவர்கள். என் மைக்செட் கடையும் அந்த வரிசையில்தான். ஒரு பெண் அந்தக் கதவைத் திறக்க வேண்டுமென்றால் இத்தனை பேரின் பார்வையைத் தாண்டிப் போய், திரும்பவும் தாண்டி வர வேண்டும். ஒருத்தியும் போகவில்லை.

பஞ்சாயத்து என்ன நினைத்தது தெரியுமா? பெண்களுக்குத் தேவையில்லை போலிருக்கிறது என்று நினைத்தது. கட்டிக்கொடுத்தும் உபயோகிக்கத் தெரியவில்லை என்று ஒரு மெம்பர் டீக்கடையில் உட்கார்ந்து அலுத்துக்கொண்டார். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அந்தக் கதவு கைக்கெட்டும் தூரம்.

சந்தை அன்று சித்தேரி மலையிலிருந்து பெண்கள் முதல் பஸ்ஸில் இறங்குவார்கள். சாமை, புளி, தேன் கொண்டுவருவார்கள். திரும்பிப் போக சாயங்காலம்தான் பஸ். அவர்களில் ஒருத்தி, நிறைமாத கர்ப்பிணி, சந்தைக்குள் மயங்கி விழுந்தாள். அப்போது நான் அங்கே ‘காணவில்லை’ அறிவிப்பு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தேன். அக்காதான் ஓடிப்போய்த் தலையை மடியில் வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தாள். கண் திறந்ததும் சொம்பை வாயில் வைத்தாள். அந்தப் பெண் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

“வேணாங்க்கா.”

“ஏண்டி? ஒதடு வெடிச்சுக் கெடக்குது, குடி.”

“குடிச்சா போவோணும்க்கா. எங்க போறது?”

மலையில் பஸ் ஏறியதிலிருந்து அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்கவில்லை. அவளோடு வந்த பெண்களும் அப்படித்தான். அந்தப் புதுக் கழிப்பிடம் வந்ததிலிருந்து சந்தைக்கு வருகிற எல்லாப் பெண்களும் அப்படித்தான். நாங்கள் எதிரே உட்கார்ந்து டீக்கு மேல் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

“சேசுவே” என்றாள் அக்கா. சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். நேராகப் பஞ்சாயத்து ஆபீஸ்.

அன்றைக்குக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கூட்டம் நடக்கும் அறை என் சமையல்கட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஆனாலும் சேர்மனுக்கு மைக் வேண்டும், காலையிலேயே ஒரு செட்டை அங்கே கட்டிவிட்டு வந்திருந்தேன், அதனால் நானும் பின்னாலேயே ஓடினேன். அங்கே தீர்மானம் நிறைவேறும் விதம் ஒரு தனி அழகு. கிளார்க் தலைப்பைப் படிப்பார். போண்டாத் தட்டு உள்ளே வரும். மெம்பர்கள் மேஜையைத் தட்டுவார்கள். தட்டியது தீர்மானத்துக்கா, போண்டாவுக்கா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

அக்கா வாசலில் நின்றாள். “யாரக் கேட்டீங்க?”

சேர்மனுக்கு அவளைத் தெரியும். யாருக்குத்தான் தெரியாது? “எதுக்கும்மா?”

“பொம்பளைங்க கக்கூச டீக்கடைக்கு எதுத்தாப்புல கட்டுனீங்களே, அதுக்கு.”

“மெம்பருங்க எல்லாரையும் கேட்டுத்தாம்மா கட்டுனோம்.”

“மெம்பருங்க அதுல போவாங்களா?”

போண்டா தின்றுகொண்டிருந்த ஒருவருக்குப் புரையேறியது. சேர்மன் மைக்கை இழுத்துக்கொண்டார். கோபம் வந்தால் அவர் மைக்கில்தான் பேசுவார். “இதப் பாரும்மா. ஜனங்க ஓட்டுப் போட்டு எங்கள அனுப்பிச்சிருக்காங்க. ஒவ்வொண்ணுக்கும் வூடு வூடா வந்து கேட்டுக்கிட்டிருக்க முடியாது.”

“ஓட்டுக் கேக்க மட்டும் வூடு வூடா வந்தீங்க. எங்க வூட்டுக்கு மூணு வாட்டி வந்தீங்க. கருவாடுகூட வாங்கிட்டுப் போனீங்க.”

“இப்ப என்னதான் பண்ணச் சொல்ற?”

“எதுத்தாப்புல மறைப்பா ஒரு செவுரு வெச்சுக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

“நிதி இல்ல” என்றார் சேர்மன். வளைவுக்கு வர்ணம் அடிக்கும் தீர்மானம் அடுத்ததாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

அடுத்த சந்தை அன்று காலை நான் கடையைத் திறக்கப் போனேன். பஸ் ஸ்டாண்டே மணத்தது. அக்கா தன் கடையைத் தூக்கிக்கொண்டு வந்து டீக்கடைகளுக்கும் கழிப்பிடத்துக்கும் நடுவே விரித்திருந்தாள். சாதாரண நெத்திலி அல்ல. எங்கிருந்து பிடித்தாளோ, ஊரிலேயே முற்றின, மூக்கைக் குத்துகிற கருவாடெல்லாம் அங்கே இருந்தது. காற்று டீக்கடைப் பக்கம் வீசியது. முதலில் லாரிக்காரர்கள் எழுந்தார்கள். “தொப்பூர்ப் பள்ளத்துல லாரி கவுந்து கெடந்தப்பக்கூட நான் இப்படி மூச்சுக்குத் தெணறலப்பா” என்று சொல்லிவிட்டுப் போனார் ஒரு டிரைவர். புரோக்கர்கள் எழுந்தார்கள். டீ மாஸ்டர் கன்னடத்தில் திட்டிக்கொண்டே தட்டியை இறக்கினார். நான் ஒருவன்தான் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கடைக்குள் கிடந்தேன். வெளியே பெஞ்சு முழுக்கக் காலி.

அதற்கு அப்புறம்தான் முதல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பின்னாலேயே இன்னொன்று. பெண்கள் வரிசையில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள், சிரித்துக்கொண்டுகூட இருந்தார்கள். அந்த மணத்தில் எப்படிச் சிரித்தார்கள் என்று யோசித்தேன். பிறகுதான் புரிந்தது, அவர்களுக்கு அது நாற்றமே இல்லை.

சேர்மன் விடுவாரா? அவசரக் கூட்டம். போண்டா. மேஜைத் தட்டல். பேருந்து நிலையத்தில் பொதுமக்களுக்கு இடையூறாக இருக்கும் கருவாட்டுக் கடையை உடனே அகற்ற வேண்டும். செவுருக்கு நிதி இல்லாத பஞ்சாயத்துக்கு இதை ஊர் முழுக்க அறிவிக்க மட்டும் நிதி இருந்தது. அந்த நிதிதான் நான்.

சந்தைத் தெருவில் ஆரம்பித்தேன். “பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. பேருந்து நிலையத்தில் உள்ள கருவாட்டுக் கடையை...”

“யாரக் கேட்டீங்க?”

பக்கத்திலேயே நடந்து வந்துகொண்டிருந்தாள். மைக் அவள் வாயிலிருந்து ஒரு சாண் தூரம்கூட இல்லை. கேள்வி கூம்பு வழியாகப் போய் எதிர்வீட்டுச் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

“...உடனடியாக அகற்றுமாறு...”

“யாரக் கேட்டீங்க?”

தெருத்தெருவாக இதேதான். நான் வீரன் அல்ல. மைக்கை அணைக்கிற பித்தான் அன்றைக்குச் சரியாக வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். அதற்கு முந்தின நாளும் மறுநாளும் நன்றாக வேலை செய்தது. கடைவீதிக்குப் போவதற்குள் ஜன்னல்களிலிருந்து பெண்கள் எங்களுக்கு முன்னாலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நான் “பொதுமக்களுக்கு” என்றாலே போதும், தெரு மொத்தமும் கேட்டது.

சேர்மன் என்னைக் கூப்பிட்டு விட்டார். “என்னய்யா அது, நீ ஒண்ணு சொல்ற, பின்னாடியே ஒண்ணு கேக்குது?”

“எக்கோங்க.”

“ஒன் செட்ல ஏதுய்யா எக்கோ?”

“இல்லீங்க. இந்த ஒரு அறிவிப்புக்கு மட்டும் தானா வந்திடுச்சுங்க.”

அதற்குப் பிறகு பஞ்சாயத்து வேலை எனக்கு வரவில்லை என்பது தனிக்கதை. ஆனால் செவுரு வந்தது. ஊர் சிரித்துவிட்டதே, வேறு வழி? சேர்மன் அக்காவிடம் ஆள் அனுப்பினார். செவுரு கட்டித் தருகிறோம், கடையைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அவளும் மூட்டை கட்டிக்கொண்டு சந்தை வாசலுக்கே திரும்பிவிட்டாள்.

செவுரைத் திறந்து வைத்த அன்று நானும் போனேன். ரிப்பன், மாலை, செவுருக்கும் தனியாக ஒரு கல்வெட்டு. துணியை விலக்கினார்கள். கை தட்டத் தூக்கிய கையை அப்படியே கீழே போட்டேன்.

செவுரு முழுக்கப் பூ. சேர்மனின் மச்சானுக்குச் சிமெண்ட் ஜாலி வார்க்கிற தொழில். வராண்டாவுக்குக் காற்று வர வைப்பார்களே, பூப்பூவாக ஓட்டை விட்டு வார்த்த அந்தச் சிமெண்டுச் சட்டம். மறைப்புக்கு என்று கேட்ட செவுரை, கீழே இருந்து மேல் வரைக்கும், அந்த ஜாலியால் கட்டியிருந்தார்கள். “அழகும் ஆச்சு, காத்தோட்டமும் ஆச்சு” என்று சேர்மன் மைக்கில் சொன்னார். அது என் மைக் அல்ல, வேறொருவனுடையது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பக்கம் நடந்தவர்கள் பூவுக்குப் பூ தெரிந்தார்கள். ஒரு பூவில் வளையல், அடுத்த பூவில் முகம்.

ஒரு செவுரு. மறைக்க வேண்டும் என்பதற்காக மனிதன் கண்டுபிடித்த பொருள். அதைக்கூட ஓட்டை போட்டுத்தான் கட்டுவார்கள், ஏனென்றால் அதற்கு அந்தப் பக்கம் நிற்கப்போகிறவளை ஒருவனும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் குறைந்துபோவதற்கு அந்த மேஜையைச் சுற்றிலும் அப்படி என்ன இருந்தது என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். போண்டாவைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்த சந்தை அன்று மதியம் அக்கா வந்தாள். கூடவே மலைப் பெண்கள். அந்தக் கர்ப்பிணிப் பெண்ணும் வந்திருந்தாள், இப்போது கையில் குழந்தையோடு. அக்கா செவுரைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள். ஒரு ஓட்டைக்குள் கையை விட்டாள். விரல்கள் இந்தப் பக்கம் என் கண்ணெதிரே நீண்டன. கையை உருவிக்கொண்டு மலைப் பெண்களிடம் திரும்பினாள்.

பஸ் ஸ்டாண்டு மூலையில் மாதக்கணக்காக உடைந்து கிடந்த குடிநீர்க் குழாய் ஒன்று உண்டு. அதைச் சுற்றிச் செம்மண் சேறு. மலைப் பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதில் இறங்கினார்கள். சொந்த வூட்டுச் செவுரை வருஷா வருஷம் தாங்களே பூசுகிறவர்கள். கை நிறையச் சேறு எடுத்து, வைக்கோலைக் கலந்து மிதித்து, ஒவ்வொரு பூவாக அடைக்க ஆரம்பித்தார்கள். டீக்கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பூக்கள் ஒவ்வொன்றாக மறைய மறைய, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமல் போனது.

யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். சேர்மன் ஆபீஸிலிருந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். பாதிச் செவுரு மண். மச்சானின் பூக்கள் எல்லாம் மண். அவருடைய கல்வெட்டின் ஓரத்தில்கூட ஒரு விரல் தடம்.

“யாரக் கேட்டுப் பூசறீங்க?” என்று கத்தினார்.

பஸ் ஸ்டாண்டு அப்படியே நின்றது. டீ மாஸ்டர் தூக்கிய குவளை தூக்கியபடியே இருந்தது. சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று சேர்மனுக்கும் தெரிந்தது. வாயை மூடினார். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது, அதுவும் மைக் இல்லாமலேயே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

அக்கா முழங்கை வரைக்கும் சேற்றோடு திரும்பினாள். கோபமே இல்லை. அவர் கடைசியில் சரியான கேள்வியைக் கேட்டுவிட்டார் என்ற சந்தோஷம்தான் முகத்தில்.

“உள்ள இருக்கறவளக் கேட்டோம்ங்க” என்றாள்.

செவுருக்கு அந்தப் பக்கம், கதவுக்கு உள்ளேயிருந்து, மேலிடுக்கு வழியாக ஒரு குரல் வந்தது. “ஆமாங்க. மேல மூலையில இன்னும் ஒரு ஓட்ட தெரியுதுங்க்கா. அதையும் அடைங்க.”

சேர்மன் நிமிர்ந்து அந்த மூலையைப் பார்த்தார். பிறகு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு போனார். அந்த ஒரு தடவையாவது மேஜையைத் தட்டாமல் ஒரு தீர்மானம் நிறைவேறியது.

அக்கா அந்த மூலையை அடைத்து முடித்தாள். கதவு திறந்தது. அன்று சந்தையில் மயங்கி விழுந்த மலைக்காரப் பெண் வெளியே வந்தாள், குழந்தையைப் பக்கத்தில் நின்றவளிடமிருந்து வாங்கிக்கொண்டாள். அக்காவின் குடத்திலிருந்து ஒரு சொம்பு மோந்து, அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்க முழுசும் குடித்தாள். வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சொம்பை நீட்டினாள்.

“இன்னொரு சொம்பு குடுங்க்கா.”

எதற்கும் யாரையாவது ஏதாவது கேட்கிற அக்கா, அன்றைக்கு எதுவும் கேட்காமல் ஊற்றிக்கொடுத்தாள்.